குளியலறைச் சுவருக்குள்ளே அலமாரி பதிக்க வெட்டலாமா? நாளைக்கே ஆள் வர்றாங்க

நீலக்குயில்:
வணக்கம். வாஷ்பேசினுக்கு மேலே, சுவருக்குள்ளே உட்கார்ற மாதிரி கண்ணாடிக் கதவு வச்ச அலமாரி வாங்கியாச்சு. நாளைக்குக் காலையில மேஸ்திரி கட்டரோட வர்றார். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துட்டு, "இது பாரம் தாங்குற சுவர், கை வைக்காதே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வெட்டலாமா, கூடாதா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

செம்மண்:
சுவர் எத்தனை அங்குலம்? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா? மேலே மாடி இருக்கா? அலமாரி எவ்வளவு ஆழம்? இதெல்லாம் தெரியாம என்னத்தைச் சொல்றதுங்க.

குழாயடி:
சுவரை விடுங்க, உள்ளே பைப் எங்கே போகுதுன்னு முதல்ல பாருங்க. எங்க வீட்டுல கண்ணாடி மாட்டத் துளை போட்டப்போ, செங்கல் தூளா உதிர்ந்துக்கிட்டிருந்தது திடீர்னு சேறா வழிய ஆரம்பிச்சுது. வெந்நீர் லைன். மெயின் வால்வை மூடி முடிக்கறதுக்குள்ள பக்கத்து அறை வரைக்கும் தண்ணி. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?

நூல்குண்டு:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பெட்டியை வாங்கிவிட்டு அதற்காகச் சுவரை வெட்டுவது, செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதுதான்.
பாரச் சுவரில் மேலிருந்து கீழாக வெட்டும் காடி, அதாவது நீளவாக்கிலான பள்ளம், சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. 9 அங்குலச் சுவருக்கு முறையே 3, ஒன்றரை அங்குலம். இதுவும் பைப்புக்கும் வயருக்கும் போடும் குறுகலான காடிக்குச் சொன்னது. பெட்டி நுழையும் பள்ளத்துக்கு இந்த அளவைக் காட்டி நியாயம் பேச முடியாது.

நீலக்குயில்:
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். 9 அங்குலம், செங்கல். மேலே ஒரு மாடி இருக்கு. அலமாரி 14 அங்குல அகலம், 24 உயரம், உள்ளே போற ஆழம் மூன்றரை. பில்லர் இருக்கான்னு தெரியலை. போட்டோ எடுக்கலை.

பரண்மேல்:
தட்டிப் பாருங்க மேடம். கணீர்னு கேட்டா பாரச் சுவர்.

செம்மண்:
அண்ணா, தட்டினா டைல்ஸுக்குப் பின்னாடி கலவை பிடிச்சிருக்கா, பொத்தலா இருக்கான்னுதான் தெரியும். பாரம் தெரியாது. மேடம், மாடிக்குப் போய் அதே இடத்துல சுவர் நேரா மேலே தொடருதான்னு பாருங்க. அப்புறம் கூரைக்கு அடியில பீம் துருத்திக்கிட்டு வருதா, மூலையில தூண் இருக்கான்னு பாருங்க. பீமும் தூணும் இல்லாம ஸ்லாப் நேரா சுவர் மேல உட்கார்ந்திருந்தா அக்கா சொன்னது சரி. பீம் சுவருக்குள்ளேயே மறைஞ்சும் இருக்கலாம், அதனால வீட்டு வரைபடம் இருந்தா அதையும் எடுத்துப் பாருங்க.

மரத்தச்சன்:
14 அகலம், மூன்றரை ஆழம்னு சொன்னதுமே புரிஞ்சுபோச்சு. அது மரச்சட்ட வீட்டுக்குச் செஞ்ச பெட்டி. அங்கே சுவருக்குள்ளே மரச்சட்டம் மையத்துக்கு மையம் 16 அங்குலத்துல நிக்கும். சட்டத்தோட கனம் ஒன்றரை போக நடுவுல பதினாலரை காலி. சட்டத்தோட ஆழம் மூன்றரை. பெட்டி அந்தச் சந்துல எதையும் வெட்டாம போய் உட்கார்ந்துடும். செங்கல் சுவர்ல அந்தச் சந்தே கிடையாது.

பரண்மேல்:
பழைய வீடுகள்ல சுவருக்குச் சுவர் மாடக்குழி இருந்துச்சே. எது இடிஞ்சு விழுந்துச்சு? சும்மா பயமுறுத்தாதீங்க.

நூல்குண்டு:
மாடக்குழியை யாரும் வெட்டவில்லை, கட்டும்போதே விட்டார்கள். சுவர் ஒன்றரை அடி கனம். குழிக்கு மேல் வளைவோ, பலகைக் கல்லோ இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு.

பரண்மேல்:
எங்க தாத்தா வீட்டுல சுவர் ஒரு அடிகூட இல்லை. நான் அளந்திருக்கேன்.

நூல்குண்டு:
பூச்சோடு அளந்தீர்களா, பூச்சு இல்லாமலா?

குழாயடி:
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அதைப் பேசுங்களேன். அந்தம்மாவுக்கு விடிஞ்சா ஆள் வர்றாங்க.

செம்மண்:
மேடம், 9 அங்குலச் சுவர்ல சில கல்லு நீளவாக்குல இருக்கும், சில கல்லு குறுக்கே முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் போகும். அந்தக் குறுக்குக் கல்லுதான் ரெண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்குது. மூன்றரை அங்குலம் தோண்டினா பள்ளத்துல இருக்கற அத்தனை குறுக்குக் கல்லும் அறுந்துடும். மிச்சம் நிக்கறது பின்வரிசை மட்டும், மேலேயிருந்து வர்ற பாரம் அது ஒண்ணு மேலேயே சாயும். முறையா செய்யணும்னா மேலே முட்டுக் கொடுத்து, ரெண்டு பக்கமும் 6 அங்குலமாவது சுவர் மேல உட்கார்ற மாதிரி லிண்டல் (மேலே வர்ற பாரத்தைத் தாங்குற குறுக்கு உத்தரம்) வச்சு, அதுக்கப்புறம்தான் பள்ளம் எடுக்கணும். அதையும் பொறியாளர் ஒருத்தர் நேர்ல பார்க்காம செய்யக் கூடாது. ஒரு கண்ணாடி அலமாரிக்கு இவ்வளவும் வேணுமா?
என்னைக் கேட்டா வெட்டாதீங்க. சுவருக்கு வெளியே நாலு பக்கமும் மரப்பலகையில சட்டம் அடிச்சு, அதுக்குள்ளே பெட்டியை மாட்டுங்க. ஈரம் படற இடம், அதனால மரைன் பிளைவுட் (ஈரம் தாங்குற ஒட்டுப்பலகை) வாங்குங்க, வெட்டின ஓரத்துக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுடுங்க.

மரத்தச்சன்:
நானும் அதையேதான் சொல்வேன். ஸ்க்ரூ டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் இறங்கணும். துளை போடறதுக்கு முன்னாடி குழாயடி சொன்ன பைப் விஷயத்தை மறந்துடாதீங்க.

நீலக்குயில்:
மூணு நாளா வர முடியலை. மேஸ்திரியை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அதே சுவர் மேலேயும் போகுது, தூண் இல்லை. அவரே கட்டரைப் பையில வச்சுட்டார். சட்டம் அடிச்சு வெளியே மாட்டியாச்சு. செம்மண் சாருக்கும் தச்சன் சாருக்கும் நன்றி.

குழாயடி:
பைப் எங்கே போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

குழாயடி:
மேடம்?