ஒரே எழுத்தில் தொடங்கினால் அலிட்டரேஷன் ஆகிவிடுமா?

பாளை வாத்தியார்:
திருநெல்வேலி டவுனில் டியூஷன் நடத்துகிற தம்பி நேற்று இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு போட்டிருந்தார். "அடுத்தடுத்த சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கினால் அலிட்டரேஷன். எடுத்துக்காட்டு: சிட்டி (city) கேட் (cat)." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து ஆங்கில 'சி'தான் (c). ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிட்டியில் பல்லோரமாகக் காற்று சீறுகிறது. கேட்டில் அடிநாக்கு மேலே ஒட்டிப் பிரிகிறது. 31 வருடம் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன்: அலிட்டரேஷன் காதுக்கு உள்ளது, கண்ணுக்கு இல்லை. 'கேட், கிட்டன் (kitten)' என்று எழுதியிருந்தால் சரி. ஒன்று சி, ஒன்று கே, ஆனாலும் ஒரே ஒலி.

டவுன் டியூஷன்:
அண்ணாச்சி, பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அடிநாக்கு, நுனிநாக்கு எல்லாம் எதற்கு? பல கைடுகளில் 'ஒரே எழுத்து' என்றுதான் போட்டிருக்கிறது. என் பிள்ளைகள் அப்படி எழுதித்தான் மார்க் வாங்குகிறார்கள். சிட்டி கேட் அலிட்டரேஷன்தான்.

பாளை வாத்தியார்:
கைடில் இருந்தால் வேதமா? 'நைஃப்' என்ற சொல் 'கே'யில் தொடங்குகிறது. 'கிங்' என்பதும் 'கே'. நைஃபும் கிங்கும் அலிட்டரேஷன் என்று சொல்வீர்களா? 'ஃபோன்' எழுதும்போது 'பி', 'ஃபேன்' எழுதும்போது 'எஃப்'. காதுக்கு இரண்டும் ஒன்றுதானே? சிட்டி கேட்டுக்கு மட்டும் ஏன் கண்ணைக் கொண்டு வருகிறீர்கள்?

அம்பை அக்கா:
என் மகளுக்குத் திங்கட்கிழமை டெஸ்ட். போன டெஸ்டில் அவள் 'கேட்டும் கைட்டும்' (cat, kite) என்று எழுதினாள். எழுத்து வேறு என்று ஒரு மார்க் குறைத்துவிட்டார்கள். பிள்ளை அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. இப்போது எதைத்தான் படிக்கச் சொல்ல? சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராகச் சொல்வது) எல்லாம் வேறு இருக்கிறது. அதையும் யாராவது சொல்லுங்களேன்.

பாளை வாத்தியார்:
பார்த்தீர்களா, டவுன் தம்பி? சரியாக எழுதிய பிள்ளைக்கு மார்க் போயிருக்கிறது. இதற்குத்தான் நான் தொண்டை வறளக் கத்துகிறேன்.

டவுன் டியூஷன்:
அந்த மார்க்கைக் குறைத்தது நான் இல்லை. அக்கா, சிமிலி ரொம்ப லேசு. 'லைக்' (like) அல்லது 'ஆஸ்' (as) வந்தால் சிமிலி. வராவிட்டால் மெட்டஃபர்.

பாளை வாத்தியார்:
அதுவும் தப்பு! 'ஐ லைக் மேங்கோ' என்பதில் உவமை எங்கே இருக்கிறது? அங்கே 'லைக்' வினைச்சொல். எழுத்தைப் பார்த்து முடிவு கட்டுகிற அதே நோய்தான் இதுவும். போன வருஷம் 'ரைம் என்றால் எதுகை' என்று நோட்ஸ் போட்டவரும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. எதுகை சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ஆங்கில ரைம் அடியின் கடைசியில் வருவது. நம்மிடம் அதற்கு இயைபு என்று பெயரே இருக்கிறது.

டவுன் டியூஷன்:
எதுகையை இழுத்தீர்கள், நான் மோனையை இழுக்கிறேன். அலிட்டரேஷனுக்குத் தமிழில் மோனை என்றுதானே சொல்லிக் கொடுக்கிறோம்? அடிதோறும் தலையெழுத்து ஒப்பது மோனை என்கிறது தொல்காப்பியம். தலையெழுத்து! ஒலி என்று சொல்லவில்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஏர்வாடி தமிழம்மா:
தமிழ் நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன். தமிழில் எழுத்து என்றாலே முதலில் ஒலிதான், வரிவடிவம் பிறகு. எழுத்து பிறக்கிற இடம் நெஞ்சு, தொண்டை, பல், இதழ் என்று இலக்கணம் சொல்வது அதனால்தான். அப்புறம், மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. முதல் குறளில் 'அகர'வுக்கும் 'ஆதி'க்கும் மோனை. அகரமும் ஆகாரமும் வேறு வேறு எழுத்து. ச-த, ஞ-ந, ம-வ இவையும் தங்களுக்குள் மோனையாக வரும்.

டவுன் டியூஷன்:
அப்படிப் போடுங்கள்! மகரமும் வகரமும் ஒரே ஒலியா? இல்லையே. ஒலி வேறாக இருந்தும் மோனை உண்டென்றால் சிட்டி கேட்டுக்கு மட்டும் என்ன தடை? அப்புறம், கண்ணுக்கும் கங்கைக்கும் ஒரே 'க'. வாயில் கங்கை வேறு மாதிரிதானே வருகிறது? மோனை இல்லை என்பீர்களா?

பாளை வாத்தியார்:
கங்கை வடசொல். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் ககரம் வல்லோசையோடுதான் வரும். ம-வ என்பது நம் யாப்பு வகுத்த இன எழுத்து. ஆங்கிலத்துக்கு அந்த விதி கிடையாது. இடையன்குடியில் இருந்துகொண்டு கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கொண்டுவந்தார். ஜி.யு. போப் சாயர்புரத்தில் பள்ளி நடத்தினார். அவர்கள் நடந்த திருநெல்வேலி மண்ணில் நின்றுகொண்டு ஒரு ஆசிரியர் சிட்டி கேட் அலிட்டரேஷன் என்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயர்புரத்தான்:
வாத்தியார் ஐயா, சாயர்புரம் தூத்துக்குடி மாவட்டம். 1986-லேயே பிரிந்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பெருமையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாளை வாத்தியார்:
போப் இருந்தபோது திருநெல்வேலி ஜில்லாதான், வே. தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று எங்கள் பாளையங்கோட்டையைச் சொன்னார்கள்.

சாயர்புரத்தான்:
எப்போது பார்த்தாலும் இதே ஆக்ஸ்ஃபோர்டு கதை. எங்கள் பிள்ளைகளும் ஆங்கிலம் படிக்கத்தான் செய்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவுனையே நீங்கள் மதிப்பதில்லை, எங்களையா மதிக்கப் போகிறீர்கள்?

டவுன் டியூஷன்:
அதைச் சொல்லுங்கள். டவுனில் இருந்து ஒருவன் நோட்ஸ் போட்டால் பாளைக்குப் பொறுப்பதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

பாளை வாத்தியார்:
ஊர்ச் சண்டையை நான் ஆரம்பிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை, அதனால் திரும்பக் கேட்கிறேன். நைஃபும் கிங்கும் அலிட்டரேஷனா? இன்னும் சொல்கிறேன். பழைய ஆங்கிலப் பாட்டில் எந்த உயிரொலியில் தொடங்கும் சொல்லும் வேறு எந்த உயிரொலிச் சொல்லோடும் அலிட்டரேஷனாக நிற்கும். எழுத்து ஒன்றாக இருக்கத் தேவையே இல்லை. சொல்லில் அழுத்தம் விழுகிற அசை எப்படித் தொடங்குகிறது என்பதுதான் கணக்கு. பாட்டைக் காதால் கேட்டு நெஞ்சில் வைத்துக்கொண்ட காலத்தில் வந்த வழக்கம் அது. கேட்கிறவனுக்கு ஸ்பெல்லிங் எப்படித் தெரியும்?

ஏர்வாடி தமிழம்மா:
கங்கை வடசொல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, ஐயா. பாட்டில் கண்ணும் கங்கையும் வந்தால் மோனை என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதற்கு இன்னும் நீங்கள் நேராகப் பதில் சொல்லவில்லை.

பாளை வாத்தியார்:
சொல்லியாயிற்று அம்மா. அது தமிழ் வழக்கு. நான் பேசுவது சிட்டி கேட்.

அம்பை அக்கா:
தாமிரபரணி பாடுகிறது என்றால் பெர்சானிஃபிகேஷன்தானே? அதையாவது யாராவது சொல்லுங்கள். பிள்ளை பக்கத்திலேயே நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பாளை வாத்தியார்:
ஆமாம் அம்மா, அது சரிதான். பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு 'கேட், கிட்டன், கைட்' என்று மூன்று தரம் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் 'சிட்டி' என்று சொல்லட்டும். நாக்கு எங்கே போகிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு மார்க்கை விட்டுவிடாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கேளுங்கள்.

டவுன் டியூஷன்:
கேட்டுவிட்டு மார்க் வந்ததா என்றும் இங்கே எழுதுங்கள், அக்கா. என் நோட்ஸ் அறுபது பிரதி அச்சாகிவிட்டது. திங்கட்கிழமை என் பிள்ளைகள் சிட்டி கேட் என்றுதான் எழுதுவார்கள்.

பாளை வாத்தியார்:
அறுபது பிள்ளைகள்! தம்பி, அச்சடித்ததைத் திருத்த ஒரு சிவப்புப் பேனா போதும். இன்று சாயங்காலம் நானே டவுனுக்கு வருகிறேன்.

டவுன் டியூஷன்:
வாருங்கள். காபி உண்டு. நோட்ஸில் பேனா வைக்க விட மாட்டேன்.