இன்டேக் காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டுகிறது: சென்சார் மாற்றிய பிறகும் பி0113 கோடு திரும்பி வருகிறது

நொய்யல்வாசி (கேள்வி):

வணக்கம். கோவையில் ஓடும் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் ஒன்றைப் பற்றிய சந்தேகம் இது. சில வாரங்களாகச் செக் இன்ஜின் விளக்கு எரிவதும் தானாக அணைவதுமாக இருக்கிறது. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறது; இன்ஜின் சூடேறியதும் வாடை குறைந்துவிடுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சில சமயம் வண்டி ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பழைய நிலைக்கு வருகிறது. மைலேஜும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது பி0113 என்ற கோடு (பழுதுக் குறியீடு) கிடைத்தது. காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் போய்விட்டது என்று கூறி, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியில்) பொருத்தப்பட்டிருக்கும் நான்கு பின் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கோடை அழித்த பிறகு சில நாள் விளக்கு வரவில்லை. பிறகு அதே கோடு மீண்டும் வந்தது. வண்டியின் கணினியிலிருந்து அளவுகளைப் படித்துக் காட்டும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது; அதில் பார்க்கும்போது வெப்பநிலை பெரும்பாலும் 30, 35 என்று இருக்கிறது. திடீரென மைனஸ் 40க்கு விழுந்து, ஓரிரு நொடிகளில் திரும்பி விடுகிறது.

இப்போது இசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன் நானே மல்டிமீட்டரால் சோதித்துப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

டீசல்பிரியர்:

சந்தையில் கிடைக்கும் மலிவான சென்சார்கள் பலவும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. நிறுவனத்தின் அசல் உதிரிபாகத்தை வாங்கிப் பொருத்திப் பாருங்கள். பொருத்துவதற்கு முன் கனெக்டரின் உட்புறத்தைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுவது நல்லது.

மின்சுற்று:

அசல் உதிரிபாகம் வாங்குவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நீங்கள் கொடுத்த விவரத்தில் மிக முக்கியமானது அந்த மைனஸ் 40தான். கோவையில் எந்தக் காற்றும் அந்த அளவுக்குக் குளிராது என்பதோடு, ஓபிடி முறையில் இந்த வெப்பநிலை ஒரே ஒரு பைட்டாக (0 முதல் 255 வரையிலான எண்ணாக) வந்து, அதிலிருந்து 40 கழிக்கப்பட்ட பிறகே திரையில் தெரிகிறது. ஆகவே காட்டக்கூடிய மிகக் குறைந்த எண்ணே மைனஸ் 40தான். அந்த எண் வந்தால், இசியூவுக்கும் சென்சாருக்கும் இடையே எங்கோ சுற்று அறுந்து போயிருக்கிறது என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இசியூ தன்னுள்ளிருக்கும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சாரின் முனையில் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்பதைப் பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. ஒயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும்; இசியூ அதைக் கடுங்குளிர் என்று வாசித்து, பி0113, அதாவது வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்ற கோடைப் பதிவு செய்யும். சிக்னல் ஒயர் எர்த்தோடு ஒட்டிக்கொண்டால் நேர்மாறாக வோல்டேஜ் இறங்கி, வெப்பநிலை நம்ப முடியாத உயரத்துக்கு ஏறும். அப்போது வருவது பி0112. எண் இயல்பாகத் தோன்றினாலும் இன்ஜினின் நிலைக்குப் பொருந்தாமல் இருந்தால் பி0111 வரும். பல பட்டறைகளில் இந்த மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது, சென்சாரை மாற்றுவது.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வெப்பநிலை மைனஸ் 40க்கு விழும் அதே நொடியில் மேனிஃபோல்டு அழுத்தத்தின் எண் என்ன ஆகிறது? உங்களுடைய நான்கு பின் சென்சார் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்தே அளக்கிறது. இரண்டுக்கும் எர்த் ஒயர் ஒன்றே. எர்த் அறுந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து கெட வேண்டும்.

நொய்யல்வாசி:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. இரண்டு எண்களையும் ஒரே திரையில் வைத்து, வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது பானெட்டைத் திறந்து ஒயர்க் கட்டை லேசாக அசைத்துப் பார்த்தேன். வெப்பநிலை மைனஸ் 40க்கு விழுந்தது. அழுத்தம் 34, 35 கிலோபாஸ்கலிலேயே நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் ஆன் செய்தால் அழுத்தம் 97 காட்டுகிறது.

மின்சுற்று:

அந்த 97 சரியான எண். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் 96, 97 கிலோபாஸ்கலுக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் நலமாக இருக்கின்றன. அழுத்தத்தைக் காட்டும் பகுதியும் ஒழுங்காக வேலை செய்கிறது. மிஞ்சுவது வெப்பநிலைக்கான ஒற்றை சிக்னல் ஒயர், அதன் இரு முனைகளிலும் உள்ள பின்கள், சென்சாருக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் ஆகியவை மட்டுமே. இசியூ கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. ஒயரை அசைத்தால் எண் விழுகிறது என்றான பிறகு அதை நினைக்கவே வேண்டாம்.

அடுத்த சோதனைக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்; விலை சில ரூபாய்தான். சாவியை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, ஒயர் பக்கக் கனெக்டரில் பேட்டரி நெகட்டிவோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பின்னையும் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 0 காட்டுவது எர்த்தாக இருக்க வாய்ப்பு அதிகம். 5 வோல்ட் காட்டுபவை ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்று சப்ளை, மற்றொன்று நமக்கு வேண்டிய வெப்பநிலை சிக்னல். வோல்டேஜை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. இணையத்தில் பல காணொளிகளில் வெறும் ஒயரால் இரண்டு பின்னையும் பாலம் போடச் சொல்கிறார்கள். தவறுதலாகச் சப்ளை பின்னை எர்த்தோடு இணைத்துவிட்டால், அதே 5 வோல்ட்டை நம்பியிருக்கும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும், இசியூவுக்கும் கேடு வரலாம். ஆகவே ரெசிஸ்டர் இல்லாமல் பாலம் போடாதீர்கள்.

1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலை எர்த் பின்னிலும் மறு காலை சந்தேகப்படும் பின்னிலும் மெதுவாகத் தொடச் செய்யுங்கள். பின்னை விரித்துவிடும் அளவுக்குக் குத்த வேண்டாம். சப்ளை பின்னாக இருந்தால் 5 மில்லிஆம்பியர்தான் ஓடும், எதுவும் ஆகாது, வெப்பநிலை எண்ணும் மாறாது. சிக்னல் பின்னாக இருந்தால் ஸ்கேனரில் மைனஸ் 40 மறைந்து 45 டிகிரிக்கு அருகில் ஓர் எண் வரும், 2.2 கிலோ ஓம் வைத்தால் 23 டிகிரிக்கு அருகில் வரும். 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம் இருக்கும் வகைச் சென்சாருக்கு உரிய கணக்கு இது. உங்கள் வண்டிக்குரிய சர்வீஸ் மேனுவலில் அட்டவணை இருந்தால் அதையே நம்புங்கள்.

ரெசிஸ்டரை அப்படியே பொருத்தி நிறுத்திவிட்டு, ஒயர்க் கட்டைக் கனெக்டரிலிருந்து தொடங்கி இசியூ வரைக்கும் ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எண் மைனஸ் 40க்குத் தாவுகிறதோ, அந்த இடத்தில்தான் பழுது. எங்கு அசைத்தாலும் எண் நகரவில்லை என்றால் குற்றம் சென்சாரிலோ அதன் பின் பிடிப்பிலோ இருக்கிறது.

மலைப்பாதை:

இதே தலைப்பில் ஒரு துணைக் கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை ஏறும் வழியில் தேநீருக்கு நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் எனது வண்டியில் இன்டேக் வெப்பநிலை 60ஐத் தாண்டிக் காட்டுகிறது. வெளியே குளிர் அடிக்கிறது. இதுவும் சென்சார் பழுதுதானா?

மின்சுற்று:

இல்லை. நின்றிருக்கும் நேரத்தில் சூடான இன்ஜினின் வெப்பம் மேனிஃபோல்டுக்கும் சென்சாரின் உடலுக்கும் ஏறிவிடுகிறது. வண்டி நகர்ந்து புதுக்காற்று உள்ளே ஓடத் தொடங்கியதும் எண் படிப்படியாக இறங்க வேண்டும். இறங்காமல் அசையாது நின்றால் மட்டும் கவலைப்படுங்கள். கோடு பதிவானதும் பல இசியூக்கள் உண்மையான அளவைக் கைவிட்டு, முன்பே எழுதி வைத்த ஒரு மாற்று எண்ணைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கின்றன. சில வண்டிகளில் அந்த எண்ணே ஸ்கேனரிலும் தெரியும் என்பதால், வெயிலிலும் மழையிலும் ஒரே எண்ணைக் காட்டும் சென்சாரை நம்பக் கூடாது.

நொய்யல்வாசி:

சோதனையின் முடிவு இதோ. 1 கிலோ ஓம் வைத்தபோது 44 டிகிரியும் 2.2 கிலோ ஓம் வைத்தபோது 23 டிகிரியும் காட்டியது. ஒயர்க் கட்டை அசைத்துக்கொண்டே போனபோது, ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் ஓர் இரும்புப் பிராக்கெட்டைக் கடக்கும் இடத்தில் எண் தாவியது. அங்கே கட்டைப் பிடித்து வைக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப்பைக் காணோம், மேலுறை தேய்ந்திருந்தது. டேப்பைப் பிரித்தபோது ஒரு மெல்லிய ஒயரின் ரப்பர் முழுதாக இருந்தாலும், விரலால் மடக்கினால் அந்த ஓரிடத்தில் மட்டும் தொய்ந்து வளைந்தது. உள்ளே செம்பு அறுந்து, ஓரிரு இழைகள்தான் தொட்டுக்கொண்டிருந்தன என்பது வெட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்தால், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 26 டிகிரியும் இன்டேக் காற்று 18 டிகிரியும் காட்டுகின்றன. அறைக்குள் இருக்கும் வெப்பமானியும் 26தான் காட்டுகிறது. இந்த வேறுபாடும் அந்த ஒயரால்தானா?

மின்சுற்று:

ஒயரில் கூடுதல் மின்தடை இருந்தால் அது வெப்பநிலையைக் குறைத்துத்தான் காட்டும் என்பதால் உங்கள் ஊகம் நியாயமானது. ஆனால் ரெசிஸ்டர் வைத்தபோது எண்கள் சரியாக வந்திருக்கின்றன. அந்த நேரத்தில் ஒயர் ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒயரைச் சரிசெய்துவிட்டு, புதிய சென்சாரையும் பழைய சென்சாரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, வெப்பநிலைப் பின்களுக்கு இடையே மின்தடையை அளந்து எழுதுங்கள். கையில் பிடித்துக்கொண்டு அளந்தால் உடல் சூட்டில் எண் ஓடும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் இங்கே ஆகாது. இரு முனைகளையும் சீவி, சற்று நீளம் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடுகாட்டுங்கள். இணைப்பு விழும் இடம் அந்தப் பிராக்கெட்டிலிருந்து தள்ளி, வளைவில்லாத பகுதியில் இருக்கட்டும். மேலே நெளிகுழாய் மாட்டி, காணாமல் போன கிளிப்புக்குப் பதில் இன்னொன்று போட்டுவிடுங்கள். அதை விட்டுவிட்டால் பக்கத்து ஒயரும் இதே வழியில் போகும்.

நொய்யல்வாசி:

மின்தடை அளவுகள்: அறை வெப்பநிலை 26 டிகிரி. பழைய சென்சார் 1.97 கிலோ ஓம். புதிய சென்சார் 2.67 கிலோ ஓம்.

மின்சுற்று:

பழையது நலமாகவே இருக்கிறது. புதியது வேறொரு வண்டி வகைக்கு உரிய தெர்மிஸ்டர் கொண்டது; உருவமும் கனெக்டரும் ஒன்றாக இருப்பதால் பொருந்திவிட்டது. உங்கள் இசியூவின் அட்டவணைப்படி 2.67 கிலோ ஓம் என்பது 18 டிகிரிக்குச் சற்று மேல்; காலையில் நீங்கள் கண்ட எண் அதுதான்.

இதனால் விளையும் கேட்டைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. உங்கள் வகை இன்ஜினில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்தே உள்ளே வரும் காற்றின் நிறை கணக்கிடப்படுகிறது. கெல்வினில் 299ஐ 291 என்று வாசித்தால் பெட்ரோல் ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைத் திருத்திவிடும். மைனஸ் 40 என்பதை அப்படியே நம்பினால் 299க்குப் பதில் 233. ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல். ஆக்சிஜன் சென்சார் சூடேறித் திருத்தம் தொடங்கும் வரை அது முழுவதும் சிலிண்டருக்குள்தான் போகும். காலையில் அடித்த பெட்ரோல் வாடையும் வேகத்தடையில் விழுந்த வெட்டும் இதிலிருந்து வந்தவை. பழையதையே திரும்ப மாட்டுங்கள்.

டீசல்பிரியர்:

டீசல் வண்டிகளிலும் இதே ரெசிஸ்டர் முறை பொருந்துமா?

மின்சுற்று:

முறை பொருந்தும், இடம் மாறும். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் ஐந்து பின் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே ஒரு வெப்பநிலை சென்சார் இருக்கும். டர்போ இருந்தால், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு இன்னொன்றும் இருக்கலாம். கோடு எதைக் குறிக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். ஏர் ஃப்ளோ மீட்டரில் பேட்டரியின் 12 வோல்ட்டும் வரும் என்பதால், 5 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பின்னை ரெசிஸ்டரால் தொடாதீர்கள். அதற்குள் இருக்கும் மெல்லிய படலத்தைத் துணியாலோ கார்புரேட்டர் கிளீனராலோ தொடவும் கூடாது.

நொய்யல்வாசி:

ஒயரை இணைத்துப் பழைய சென்சாரை மாட்டிவிட்டேன். காலையில் கூலன்ட், இன்டேக் இரண்டும் 26 காட்டுகின்றன. கட்டை எப்படி அசைத்தாலும் எண் விழவில்லை. காலை வாடையும் இல்லை. மைலேஜை அடுத்தடுத்த டேங்குகளில்தான் பார்க்க வேண்டும். செக் இன்ஜின் விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது, அழித்துவிடலாமா?

மின்சுற்று:

அழித்துவிடலாம். அழிக்காவிட்டாலும், பழுது தலைகாட்டாமல் தொடர்ந்து மூன்று ஓட்டச் சுழற்சிகள் (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு சுழற்சி) முடிந்தால் விளக்கு தானாக அணையும். கோடு மட்டும் இன்னும் பல நாள் நினைவகத்தில் கிடக்கும். சென்சாரைத் திரும்ப மாட்டும்போது அதன் ரப்பர் வளையம் தட்டையாகியிருந்ததா என்று பார்த்தீர்களா? ஆகியிருந்தால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள். மேனிஃபோல்டில் அந்த வழியாகக் காற்று கசிந்தால் ஐடிலிங் ஏறி இறங்கும், பிறகு அதற்கும் சென்சாரைத்தான் குறை சொல்வார்கள்.