சேலத்திலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு: வண்டி ஓட்டும் வேகம் பற்றி

விசா வந்துவிட்டது, அங்கே போய்க் கார் ஓட்டுவது எப்படி என்று நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு இப்போது அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். அதனால் அந்த நாட்டு விவரம் விரிவாக வரும், மற்ற நாடுகள் சுருக்கமாகத்தான் வரும்.

முதலில் நம் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் வண்டி ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறார். சீலநாயக்கன்பட்டி தாண்டி நாலுவழிச் சாலை காலியாகக் கிடந்தால் மிதிக்கிறோம். ஐந்து ரோட்டில் நெரிசல் என்றால் தானாகவே குறைக்கிறோம். வேகத்தடை வந்தால் பிரேக், தாண்டியதும் மறுபடி பழைய வேகம். எதிரே வருகிறவர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று புரிந்துகொள்கிறோம். நம்மை மெதுவாகப் போகவைப்பது பள்ளம், ஆள், மாடு, போலீஸ், இவ்வளவுதான். ஓரத்தில் போர்டில் 40 என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் காலை எடுப்பதில்லை.

அதற்காக நம் ஆட்களுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் தினமும் பஸ்ஸை ஏற்றி இறக்குகிறவர்களைப் பாருங்கள். வளைவுக்கு முன்பே ஹாரன், மேலே ஏறுகிற வண்டிக்கு வழி, ஏறிய கியரிலேயே இறக்கம். அங்கே யாரும் வேகத்தைக் கௌரவமாக நினைப்பதில்லை. அதே மாவட்ட எல்லையில், தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில், தொப்பூர் கணவாய் இருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் லாரியை இறக்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் மோதிய விபத்துகள் அங்கே எத்தனை! இரண்டு பாதையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேகத்துக்கு என்ன விலை என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. மலையில் மட்டும் அந்த நினைப்பு இருக்கிறது, சமதளத்துக்கு வந்ததும் விட்டுவிடுகிறோம்.

இங்கிலாந்தில் சமதளம், காலி ரோடு, வெயில் நேரம், யாருமே இல்லை, அப்போதும் போர்டில் உள்ள எண்தான் எல்லை. தெருவிளக்குகள் வரிசையாக இருக்கிற சாலையில் வேறு போர்டு இல்லை என்றால் மணிக்கு 30 மைல். வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து அதுவே 20 மைல். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு சாய்வாகப் போட்டிருந்தால் கட்டுப்பாடு இல்லை என்று நம்மவர்கள் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தேசிய வரம்பு: நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு 60 மைல், தடுப்பு வைத்துப் பிரித்த சாலையிலும் மோட்டார்வே என்கிற விரைவுச்சாலையிலும் 70 மைல்.

கிலோமீட்டரில் பழகிய கண்ணுக்கு மைல் ஏமாற்றும். மீட்டரில் 30 என்று பார்த்ததும் ஊர்வது மாதிரி தோன்றும், ஆனால் அது 48 கிலோமீட்டர். 70 என்பது 112. நிற்கும் தூரத்தை அவர்களுடைய சாலை விதிப் புத்தகமே போட்டிருக்கிறது: 20 மைலில் 12 மீட்டர், 30-ல் 23 மீட்டர், 40-ல் 36 மீட்டர், 70-ல் 96 மீட்டர். 30-லிருந்து 40-க்குப் போனால் 13 மீட்டர் கூடுகிறது. குழந்தை பந்தை எடுக்க ஓடிவருகிற தெருவில் அந்த 13 மீட்டர் எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். இதற்குப் பதிலாக மிச்சமாகும் நேரமோ அற்பம். ஊருக்குள் மூன்று மைல் தூரத்தை 30-ல் ஓட்டினால் ஆறு நிமிடம், 40-ல் நாலரை நிமிடம். நடுவில் இரண்டு சிக்னல் சிவப்பு விழுந்தால் அந்த ஒன்றரை நிமிடமும் போய்விடும்.

அப்புறம் தண்டனை. நம் ஊரில் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காருக்கு வேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். கட்டினால் அதோடு மறந்துவிடுகிறோம். அங்கே குறைந்தபட்சம் 100 பவுண்டும், லைசென்ஸில் 3 புள்ளியும். மூன்று வருடத்தில் 12 புள்ளி சேர்ந்தால் ஓட்டத் தடை. இந்திய லைசென்ஸ் வைத்து அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், பிறகு எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் முடித்துத்தான் ஆக வேண்டும். இங்கே பத்து வருடம் லாரியே ஓட்டியிருந்தாலும் அங்கே தேர்வான நாளிலிருந்து இரண்டு வருடம் நீங்கள் புது ஓட்டுநர். அந்த இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசென்ஸ் ரத்து, இரண்டு தேர்வும் முதலிலிருந்து. இரண்டு முறை கேமராவில் விழுந்தாலே 6 ஆகிவிடும். புள்ளி ஏறினால் இன்சூரன்ஸும் ஏறும், புது ஓட்டுநருக்கு அது ஏற்கனவே கசக்கிற தொகை. மீறல் கொஞ்சம்தான் என்றால் வேக விழிப்புணர்வு வகுப்புக்கு வரச் சொல்லிக் கேட்பார்கள். ஒப்புக்கொண்டு போய் உட்காருங்கள், புள்ளி விழாது.

கேமரா பிடித்தால் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் 14 நாளுக்குள் கடிதம் போகும். யார் ஓட்டியது என்று அவர் 28 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் நம் குடும்பங்களில் ஒரு யோசனை கட்டாயம் வரும்: ‘உன் லைசென்ஸில் ஏற்கனவே புள்ளி இருக்கிறது, நான் ஓட்டினேன் என்று எழுதிவிடுகிறேன்.’ பாசத்தில் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிரிட்டனில் பின்னாளில் மந்திரியான கிறிஸ் ஹூன் 2003-ல் தன் புள்ளிகளை மனைவி பெயரில் ஏற்றினார். பத்து வருடம் கழித்து 2013-ல் இருவருக்கும் எட்டு மாதச் சிறை கிடைத்தது. நீதிக்கு இடையூறு செய்த குற்றமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். விசாவில் இருக்கிறவருக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே எல்லாரும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்ற நினைப்போடு போகாதீர்கள். நெரிசல் இல்லாத 30 மைல் சாலைகளில் ஏறத்தாழ பாதிக் கார்கள் வரம்பைத் தாண்டுவதாக அவர்கள் அரசே கணக்கு வெளியிடுகிறது. நீங்கள் 30-ல் போனால் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவார். நெஞ்சு படபடக்கும், புதிதாக வந்தவருக்கு இன்னும் கூடுதலாக. அவருக்காக வேகத்தை ஏற்றாதீர்கள், கேமரா உங்கள் நம்பரைத்தான் எடுக்கும். அலுவலகத்தில் யாராவது ‘பத்து சதவீதமும் இரண்டு மைலும் தாண்டலாம்’ என்பார்கள். அது எப்போது நடவடிக்கை எடுப்பது என்று போலீஸ் வைத்துக்கொண்ட வழிகாட்டுதல், நமக்குக் கொடுத்த உரிமை கிடையாது.

சரி, இங்கிருந்து கிளம்புவதற்கு முன் என்ன செய்யலாம்? நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான். ஞாயிறு விடியற்காலையில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை, ரோடு காலியாக இருக்கும்போது, 40 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். இடது ஓரமாகவே போங்கள், அவசரப்படுகிறவர் தாண்டிப் போகட்டும். முள் 48-க்குப் போனதே தெரியாமல் போயிருக்கும். ஒவ்வொரு சில நொடிக்கும் கண் மீட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அது கண்ணுக்கும் காலுக்கும் உள்ள பழக்கம், படித்து வராது. இங்கேயே வந்துவிட்டால் அங்கே தேர்விலும் கைகொடுக்கும்.

கீழே கேட்டவர்களுக்குப் பதில்:

ஓமலூர்த் தம்பி ஜெர்மனி போகிறாராம், அங்கே வேக வரம்பே கிடையாதாமே என்கிறார். ஆட்டோபான் என்கிற அவர்கள் விரைவுச்சாலையில் சில பகுதிகளில் மட்டும்தான் தம்பி. அங்கேயும் பரிந்துரை வேகம் 130 கிலோமீட்டர். அதற்கு மேல் போய் விபத்தில் மாட்டினால், தப்பு எதிராளி மேல் இருந்தாலும், இழப்பீட்டில் உங்கள் தலையிலும் ஒரு பங்கு விழலாம். ஊருக்குள் 50, குடியிருப்புத் தெருக்களில் பல இடம் 30, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 100. கேமரா உங்கள் முகத்தையும் சேர்த்து எடுக்கும்.

துபாய்க்குப் போகிற ஆத்தூர் அண்ணனுக்கு: துபாயில் போர்டு எண்ணுக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விடுகிறது. அபுதாபியில் 2018-லேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஒரே சாலையில் எல்லை தாண்டிய பிறகும் பழைய கணக்கில் ஓட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. வரம்புக்கு மேல் 60-ஐயும் தாண்டினால் 2,000 திர்ஹம், 12 கறுப்புப் புள்ளி, வண்டி 30 நாள் பறிமுதல்.

கனடா, ஒன்டாரியோ என்று எழுதிய தங்கைக்கு: வரம்பு 80-க்குக் கீழே உள்ள சாலையில் 40 கிலோமீட்டர் கூடுதலாகப் போனாலே சாகச ஓட்டம் என்று வழக்கு. அந்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸும் 14 நாள் வண்டியும் போய்விடும். அந்நிய ஊரில், பனியில், நடு ரோட்டில் இறங்கி நிற்க வேண்டிவரும் அம்மா.

அமெரிக்கா போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். இங்கே போலீஸ் கை காட்டினால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப்போய், பேப்பரை நீட்டி, ‘சார், சார்’ என்று பேசுகிறோம். அங்கே இறங்கவே கூடாது. இருக்கையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்து, அவர் கேட்ட பிறகு சொல்லிவிட்டு எடுங்கள். பணம் நீட்டுகிற நினைப்பே வேண்டாம், வேக அபராதத்தைவிடப் பல மடங்கு பெரிய குற்றம் அது.

கடைசியாக, மகனை மான்செஸ்டருக்கு அனுப்பிவிட்டுக் கேட்ட அக்காவுக்கு. அவனுக்கு என்ன புத்தி சொல்லட்டும் என்றீர்கள். வேகமாக ஓட்டாதே என்று நீங்கள் சொல்லாமலே அவனுக்குத் தெரியும். நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. ராத்திரி படுக்கப்போகும் முன் பத்து, பதினொரு மணிக்குப் போன் போடுவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே அது சாயங்காலம் ஐந்தரை, அவன் வேலை முடிந்து காரில் திரும்புகிற நேரம். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் அங்கே 200 பவுண்டும் 6 புள்ளியும். இரண்டு வருடம் முடியாத புது லைசென்ஸ் அந்த ஒரு தடவையிலேயே ரத்தாகும். அம்மா கூப்பிடுகிறாள் என்றால் பிள்ளை எடுக்காமல் இருக்க மாட்டான். அதனால் நீங்கள் கூப்பிட வேண்டாம் அக்கா, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவனையே கூப்பிடச் சொல்லுங்கள்.