புதுப்பிப்பு: மனநல ஆலோசனை (கவுன்சலிங்) முதுகலைப் படிப்பு, நேர்காணல் முடிந்தது

உளவியல் பட்டம் இல்லாமல் ஆலோசனை முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். விண்ணப்பித்தேன், நேற்று நேர்காணலும் முடிந்தது.

பட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். மீதி நேரமெல்லாம் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்து முதியோர் நிலையத்தில் நான் செய்யும் தொண்டூழியத்தைப் பற்றியே பேச்சு. அங்குள்ள பாட்டி ஒருவர் 'மனச்சோர்வு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நெஞ்சு கனக்கிறது, தம்பி" என்று மார்பில் கைவைத்துக் காட்டுவார். இதைச் சொன்னபோது தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் ஆலோசகர் பதிவேட்டில் சேரப் பட்டம் மட்டும் போதாது, மேற்பார்வையின்கீழ் பெற்ற செயற்பயிற்சியும் வேண்டும். படிப்பில் அது எத்தனை மணி நேரம் என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. பாட்டியிடம் நாளை சொல்லப்போகிறேன்.