மறு: ஜாம்பி – நடைப்பிணமா, எழுபிணமா?

அன்புள்ள குழுவினருக்கு,

திகில் கதைகளில் செத்த பிறகும் எழுந்து நடமாடும் ஜாம்பிக்குத் (zombie) தமிழ்ச்சொல்லாக நடைப்பிணம் என்றே போட்டு முடித்துவிடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு எங்கே தொடங்கியது என்று நடுவில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. 'நைட் ஆஃப் தி லிவிங் டிரெக்கீஸ்' நாவலைத் தமிழில் அறிமுகப்படுத்த ஒரு கட்டுரை தயாராகிறது, அதற்குத்தான் சொல் கேட்டார்கள். கெவின் டேவிட் ஆண்டர்சனும் சாம் ஸ்டாலும் சேர்ந்து எழுதி 2010இல் குவிர்க் புக்ஸ் வெளியிட்ட நாவல். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு ஓட்டலில், 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களின் மாநாடு நடக்கிறது, ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய ஜிம் பைக் அங்கே வேலை பார்க்கிறான், மாநாட்டுக்கு அவன் தங்கையும் வருகிறாள், அந்த நேரம் பார்த்து ஓட்டலுக்குள் பிணங்கள் எழுந்து கடிக்க ஆரம்பிக்கின்றன. ஜிம் என்ற பெயரும் பைக் என்ற பெயரும் தொடரின் இரண்டு கப்பல் தலைவர்களிடமிருந்து வந்தவை என்பது ரசிகர்களுக்குப் பார்த்த உடனே புரியும்.

இப்போது நடைப்பிணத்துக்கு வருகிறேன். அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. 'மனைவி போன பிறகு அவர் நடைப்பிணமாத்தான் இருக்கார்' என்கிறோம். உயிரோடு இருக்கிற ஆளிடம் உயிர்ப்பு இல்லை என்று அதற்குப் பொருள். ஜாம்பி இதற்கு நேர் தலைகீழ், உயிர் போன உடம்பு, ஆனால் அசைகிறது, பசிக்கிறது. நாவலில் 'அவன் நடைப்பிணமானான்' என்று எழுதினால் வாசகர் அவனுக்காக வருத்தப்படுவார், பயப்பட மாட்டார். திகில் நாவலுக்கு இதைவிடப் பெரிய சேதம் வேண்டாம்.

வேதாளம் என்று ஓர் ஐயா சொன்னார். பிணத்துக்குள் புகுந்து ஆட்டுவிப்பது என்ற அளவில் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லிப் புதிர் போடுகிற வேதாளத்தின் அறிவென்ன, பேச்சே இல்லாமல் கூட்டம் கூட்டமாக வரும் இந்தப் பிணங்கள் என்ன. பொருந்தாது.

என் பரிந்துரை எழுபிணம். ஏவுகணை, ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. எழுந்த, எழுகின்ற, எழும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். வல்லினம் மிகாது, அதனால் எழுப்பிணம் என்று எழுதிவிட வேண்டாம். ஏழு பிணம் என்று படிக்க மாட்டார்களா என்று ஒரு தோழி கேட்டது நியாயமான கேள்வி. குறளில் எழுபிறப்பு ஏழு பிறப்புதான். ஆனால் எழுஞாயிறு என்றால் யாரும் ஏழு சூரியன்களை எண்ணுவதில்லை, இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். இதுவும் அப்படியே.

எழுபிணத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் திணை. 2016இல் ஜெயம் ரவி நடித்து வந்த 'மிருதன்' படத்தின் தலைப்பையே பொதுச்சொல்லாக்கலாம் என்ற யோசனையும் மடல்களில் இருக்கிறது. நல்ல ஓசை, மக்களுக்கும் தெரியும். ஆனால் அன் விகுதி வந்துவிட்டதால் மிருதன் வந்தான் என்றுதான் எழுத வரும். கடிபட்ட பெண்ணை என்னவென்று சொல்வது? அதையும் விடுங்கள், இந்த வகைக் கதையில் தமிழ் செய்யக்கூடிய ஒரு வேலை அங்கே கெட்டுப்போகிறது. மாதிரிக்கு நானே எழுதிய இரண்டு வரிகள்: 'காவலர் படிக்கட்டில் சரிந்தார். சற்று நேரத்தில் எழுந்தது.' பெயரே சொல்லவில்லை, வினைமுற்று ஒன்று மாறியதும் நடந்தது என்னவென்று தெரிந்துவிடுகிறது. பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு என்று திருமூலர் பாடியதும் அந்த நொடியைத்தான், இன்றும் இழவு வீட்டில் 'பாடியை எப்ப எடுக்கிறாங்க' என்று கேட்கிறோம். தங்கையைத் தேடி மாடி மாடியாக ஏறுகிற ஒருவனின் கதையில், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது 'அவளா', 'அதுவா' என்பதுதானே பயமே. பிணம் என்ற சொல் இதைத் தானாகவே கொண்டுவந்து கொடுக்கிறது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்தான் வேண்டும் என்று நாம் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஹைத்தியின் நம்பிக்கையில் இருந்த ஜாம்பி யாரையும் கடிக்கவில்லை. மந்திரவாதி எழுப்பி வயலில் வேலை வாங்குகிற உடம்பு அது, செத்த பிறகும் அடிமைத்தனம் விடாது என்ற அச்சம் அதில் இருக்கிறது. 1929இல் வில்லியம் சீப்ரூக்கின் பயணநூல் வழியாக அமெரிக்காவில் பரவிய சொல், 1932 'ஒயிட் ஜாம்பி' படத்திலும் இந்தப் பொருளில்தான் வருகிறது. அதற்கு ஏவற்பிணம் என்பேன். பில்லி, சூனியம், ஏவல் என்று நம் வாயில் புழங்கும் ஏவல்தான். பிறர் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் கணினியையும் ஆங்கிலத்தில் ஜாம்பி என்கிறார்கள், அதற்கும் ஏவற்கணினி சரியாக வரும். யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் வரும் ஜாம்பி வேறு கதை. அங்கே எதுவும் எழுவதே இல்லை, முடிந்துபோன செயலாக்கம் (process) தன் முடிவைத் தாய்ச் செயலாக்கம் வாங்கிக்கொள்ளும் வரை பட்டியலில் ஒரு வரியாக மட்டும் நிற்கிறது. அதற்கு எச்சச் செயலாக்கம் போதும்.

கடித்துப் பரப்புகிற, கூட்டமாக வருகிற வகை 1968இல் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தோடு நிலைபெற்றது. அந்தப் படத்துக்குள் ஜாம்பி என்ற சொல்லே வராது. நாவலின் தலைப்பு அந்தப் படத் தலைப்பைத்தான் வளைத்திருக்கிறது. எனவே இந்த நாவலுக்கு வேண்டியது ரொமேரோ வகைக்கான சொல், அதாவது எழுபிணம். ஆனால் பாத்திரங்களின் பேச்சில் ஜாம்பி என்றே விடுங்கள். படம் பார்த்து வளர்ந்த ஹூஸ்டன் இளைஞன் பதறும்போது கலைச்சொல் பேச மாட்டான்.

கட்டுரையில் நாவலின் நூல்வகையை எப்படிக் குறிப்பது என்பதற்கு: ஸ்டார் டிரெக் தொடரின் அத்தியாயங்களை எழுத்தாளர் ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் கதைகளாக எழுதியது புனைகதையாக்கம். அவரே 1970இல் அதே உலகத்தில் புதுக் கதையாக எழுதிய 'ஸ்பாக் மஸ்ட் டை' போன்றவற்றுக்குக் கிளைப்புதினம் என்று வைக்கலாம், பாரதத்தின் கிளைக்கதையை எல்லோருக்கும் தெரியும். நம் நாவல் இரண்டிலும் சேராது. தொடரின் உலகம் இதில் இல்லை, தொடரை நேசிப்பவர்களின் உலகம்தான் இருக்கிறது. வெறும் புதினம் என்றே குறிக்கலாம்.

கடிபட்டவர் மாறுவதற்கு மட்டும் இன்னும் வினைச்சொல் முடிவாகவில்லை. நான் திரிதல் என்கிறேன். பால் திரிவதும் அதுதான், இலக்கு இல்லாமல் அலைவதும் அதுதான். 'கடிபட்டு அரை மணியில் திரிந்துவிட்டது' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. மாற்று இருந்தால் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள், தனிச்சொல்லாகப் பார்த்தால் எதுவும் சரியாகத்தான் தெரியும்.