மானியத்தில் தொழில் தொடங்கியவர்கள் இங்கே சொல்லுங்கள்

காங்கேயத்துக்காரி:
போன வாரம் ஒரு தம்பி, "35 சதவீதம் மானியமாம், மரச்செக்கு போடலாமா அக்கா?" என்று கேட்டிருந்தார். போட்டவள் நான், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை. கொப்பரையை அப்படியே வியாபாரிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். 2020இல் வந்த மத்திய அரசின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் செக்குக்கு விண்ணப்பித்தேன். வங்கியில் அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான பிஎம்எஃப்எம்இ என்றால்தான் புரியும். முதலில் போன வங்கியில், உங்கள் ஊர் எங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். அடுத்த வங்கியில் அடமானம் கேட்டார்கள். திட்ட அறிக்கை எழுதித் தர மாவட்டத்துக்குச் சிலரை அரசே போட்டிருக்கிறது. அப்படி ஒருவர் கூடவே வந்து பேசியபிறகுதான் வேலை நடந்தது. அவருக்கு நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

இப்போது கணக்கு. மொத்தச் செலவு 4 லட்சம். கைக்காசு 40,000, கடன் 3,60,000, மொத்தச் செலவில் 35 சதவீத மானியம் 1,40,000. இந்த 1,40,000 நம் கைக்கு வரவே வராது! வங்கியில் தனியாகக் கிடக்கும். 3 வருடம் தவணை தவறாமல் கட்டி, செக்கும் ஓடிக்கொண்டிருந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். இது தெரியாமல், "மானியம் வந்ததும் வளையலைத் திருப்பிடலாம் அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். வளையல் இன்னும் அடகில்தான்.

என்னை உண்மையில் திணறடித்தது வேறு. செக்கு வந்துவிட்டது, ஆட்டக் கொப்பரை இல்லை. எங்கள் தோப்புக் கொப்பரை இரண்டு மாதம்கூடத் தாங்காது. மீதியை வெளியில் வாங்க வேண்டும். 2025இல் கொப்பரை விலை எகிறியபோது பல நாள் செக்கு சும்மாதான் நின்றது. இயந்திரத்துக்கு மட்டும் கடன் கேட்காதீர்கள். சரக்கு வாங்கவும் தனியாகக் கடன் கேட்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசி முடியுங்கள்.

சிவகங்கை ஆட்டுக்காரன்:
ஆட்டுக்கு வேறு கதை அக்கா. தேசியக் கால்நடை இயக்கத்தில் பாதிக்குப் பாதி மானியம் என்று ஆசையாகப் போனேன். அதில் ஆகக் குறைந்ததே 100 பெட்டை, 5 கிடா. எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் மானாவாரி. இத்தனை உருப்படிக்குத் தீவனத்துக்கு எங்கே போவது? கேட்டால், குத்தகைக்கு நிலம் பிடியுங்கள் என்கிறார்கள். சிறு விவசாயிக்கு என்று சொல்லிவிட்டுப் பண்ணையார் அளவில் திட்டம் போட்டால் எப்படி?

அப்புறம் 20 ஆட்டைக் கைக்காசில் வாங்கி, தீவனம், மருந்துச் செலவுக்குக் கால்நடைக்குத் தரும் கிசான் கார்டு (உழவர் கடன் அட்டை) கடன் எடுத்தேன். மானியம் கிடையாது. ஆனால் கெடு தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். எனக்கு இதுதான் தோதுப்பட்டது.

வடகம் குழு:
நாங்கள் மகளிர் குழு. அக்கா சொன்ன அதே திட்டத்தில் குழு உறுப்பினருக்குத் தலைக்கு 40,000 வரை விதை மூலதனம் உண்டு. சாமானும் சின்னச் சின்னக் கருவியும் வாங்கத்தான் அது. நாலு பேர் வாங்கினோம். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், திருப்பிக் கட்ட வேண்டிய கடன். எங்களில் ஒருத்தி இனாம் என்று நினைத்துக் கல்யாணச் செலவுக்கு எடுத்துவிட்டாள். இப்போது மூன்று பேர் வடகம் போட்டு நாலு பேர் கடனைக் கட்டுகிறோம்.

அக்கா, எண்ணெய் எப்படிப் போகிறது?

காங்கேயத்துக்காரி:
எண்ணெய் சுமார்தான் கண்ணு. சுற்றிலும் பெரிய ஆலைகள், விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. புண்ணாக்குக்குத்தான் காலையிலேயே வாசலில் மாட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். கரண்ட் பில் அதில்தான் ஓடுகிறது.