தம்பியின் பட்டமளிப்புக்குக் கைக்கடிகாரம்: உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். தோட்டக்கலை படித்து முடித்த என் தம்பிக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. அதற்குப் பேட்டரி இல்லாமல் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறேன். 25,000 ரூபாய் வரை செலவிட முடியும்.

எங்கள் அப்பா தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன் தம்முடைய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள் என்பதால், தம்பிக்கும் அந்தப் பழக்கம் வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அவன் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலைக்குச் சேரவிருக்கிறான். அங்குள்ள மழைக்கும் மூடுபனிக்கும் பழைய ஜனதா தாங்காது.

ஆகவே 100 மீட்டர் நீர்த்தடுப்புள்ள சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஆட்டோமேட்டிக்கைப் பரிசீலிக்கிறேன். அதிலுள்ள 4ஆர்36 இயந்திரம் கை அசைவிலேயே முறுக்கேறும், திருகைச் சுழற்றியும் சாவி கொடுக்கலாம், கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும். ஆனால் நான் பார்த்த மாடலின் 42.5 மில்லிமீட்டர் விட்டம் அவனுடைய மெலிந்த மணிக்கட்டுக்குப் பொருந்துமா? (அவன் உறங்கும்போது நூலால் அளந்ததில் 16 சென்டிமீட்டர் வந்தது, கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.)

தோல் பட்டை ஈரத்தில் நைந்துவிடும் என்பதால் இரும்புச் செயினே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வு இத்தகைய கடிகாரத்தைப் பாதிக்குமா என்பதையும், சேலத்தில் ஆட்டோமேட்டிக்கைப் பிரித்து எண்ணெயிட்டுத் தரும் நம்பகமான பழுதுநீக்குபவர் யார் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.